நொடிக்கு எட்டு கிலோமீட்டர்

பேரிக்காய் லோடை லீ பஜாரில் இறக்கிவிட்டு
காலி வண்டியோடு ஏறி வந்தேன்.
இருபது கொண்டை ஊசி.
வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே சேர்வராயன் உச்சி.
மணி பதினொன்றரை. ஈ காக்கை இல்லை.
காற்று மட்டும் டவர் கம்பியில்
ஏதோ புகார் சொல்லிக்கொண்டிருந்தது.

கீழே சேலம்,
யாரோ ஜவ்வரிசி காயப்போட்டு
அள்ள மறந்ததுபோல.

ஒரு கல்லை எடுத்துக் கிழக்கே எறிந்தேன்.
இருபதடி தள்ளிப் புல்லில் விழுந்தது.

இன்னும் வேகமாக எறிந்தால் வாழப்பாடி.
அதைவிட வேகமென்றால் ஆத்தூர்.
கை பீரங்கியானால் கடலூர்க் கடல்.
இன்னும், இன்னும் கொஞ்சம்:
நொடிக்கு எட்டு கிலோமீட்டர்.
காற்று ஒதுங்கி வழிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.
அந்த ஒரு நொடியில் கல் ஐந்து மீட்டர் விழும்.
அந்த எட்டு கிலோமீட்டரில் பூமியும்
ஐந்து மீட்டர் கீழே வளைந்திருக்கும்.
விழுகிறது, தரை நழுவுகிறது.
விழுகிறது, தரை நழுவுகிறது.
ஆறு நொடியில் ஆத்தூர், மூன்றேகால் நிமிடத்தில் அந்தமான்.

சுற்றுவது என்று புத்தகத்தில் போட்டிருப்பது
இந்த விழுதலைத்தான்.
நிலாவும் விழுந்துகொண்டிருக்கிறது, வியாழனும்.
செகண்ட் கியரில் பிரேக்கை மிதித்து மிதித்து
நான் இறங்குகிற மாதிரி
அங்கே யாரும் எதையும் மிதிப்பதில்லை.

செவ்வாய்ப்பேட்டை ஜோசியர் சொன்னார்,
சென்றாயனுக்கு ஏழரை நடக்கிறதாம்.
பில் புத்தகத்தின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
சனி ஒரு சுற்று வர இருபத்தொன்பதரை வருஷம்.
ராசி பன்னிரண்டு. ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டரை.
மூன்று ராசி கடந்தால் ஏழரை.
அதற்கு எங்கள்மேல் என்ன கோபம்?
தூரத்தில் இருக்கிறது, சூரியனின் பிடி அங்கே தளர்வு,
அதனால் நடையும் மெதுவு.
பக்கத்தில் இருக்கும் புதன்
எண்பத்தெட்டே நாளில் சுற்றை முடிக்கிறது,
சீட்டுப் பணம் கட்டக் கடைசி நாள் ஓடுகிறவள்போல.

ப்ளஸ் டூவில் இயற்பியல் நூற்று எண்பத்தொன்று எனக்கு.
எறிந்த கல் எண்பத்து நான்கு நிமிடத்தில்
மேட்டூர்ப் பக்கமாகச் சுற்றி வந்து
எறிந்தவன் பிடரியில் அடிக்கும் என்று எழுதினேன்.
முழு மதிப்பெண் போட்டார்கள்.

இன்றைக்குத்தான் உறைக்கிறது.
கல் எறிந்த இடத்துக்குத்தான் வரும்.
எறிந்தவள் அங்கே இருக்கமாட்டாள்.
அதற்குள் பூமி இந்த மலையை
இருபத்தோரு பாகை கிழக்கே நகர்த்தியிருக்கும்,
மலையோடு என்னை, வண்டியை, காலிக் கூடைகளை.
கல் வந்து குனிந்து பார்த்தால் அரபிக்கடல்.
சலாலாவுக்குத் தென்கிழக்கே எங்கோ.

சலாலாவில் மணி நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால்.
சென்றாயன் அங்கே டிரெய்லர் ஓட்டுகிறான், மூன்று வருஷமாக.
அடுத்த மாதம் லீவு.
கேட்டுக்குப் பச்சை அடித்ததைச் சொல்லியிருக்கிறேன்.
பையன் பல் விழுந்து முளைத்ததைப் போட்டோவில் பார்த்துவிட்டான்.
அவன் வண்டியை வாடகைக்கு விடவில்லை,
லைசென்ஸ் எடுத்து நானே ஓட்டுகிறேன் என்பதை
இன்னும் சொல்லவில்லை.

போன் அடிக்கிறது.
"தூங்கலையா? அங்க பன்னண்டு ஆகுமே."
"இல்ல. கல்லு எறிஞ்சிட்டிருக்கேன்."
"என்னது?"
சிக்னல் போய்விட்டது.

கல் கடலோடு நிற்காது, அதையும் கணக்குப் போட்டுவிட்டேன்.
மலையைப் பிடிக்க
இன்னும் ஐந்து நிமிடம் கூடுதலாக ஓடும்.
ஆனால் நேர் மேலே வராது,
கொஞ்சம் தெற்கே விலகி
கரூர்ப் பக்கமாகக் கடந்து போகும்.

சாவியைத் திருகினேன்.
ஹெட்லைட்டில் நான் எறிந்த கல் கிடந்தது,
இருபதடியில்.